மூன்று நாள் மன்னிப்பு

கேபிள் டிவிக்காரர்கள் கண்டதையும் காட்டி ஊரைக் கெடுக்கிறார்கள் என்று நான் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதித் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. இவளையே பிடித்து உள்ளே போட்டுவிட்டால் வாய் அடங்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். 2009இல் மாவட்டத்துக்கென்று பார்வையாளர் பாதுகாப்புக் குழு ஒன்று அமைத்தபோது, சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்த என்னையும் உறுப்பினராக்கினார்கள். வீட்டு வாசலில் ‘பேராசிரியர் சந்திரலேகா’ என்ற பலகைக்குக் கீழே அதையும் எழுதி வைக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். யோசித்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடலூரில் கூட்டம். தலைவர் ஒரு பெரிய அதிகாரி; அவருக்கு எப்போதும் வேறொரு கூட்டத்துக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். வேலையெல்லாம் பார்ப்பவர் செந்தமிழ்செல்வன் என்ற உதவியாளர். பெயரில் இருக்கும் செந்தமிழ் கையில் கிடையாது, ஒரு பக்கம் எழுதினால் பத்துப் பிழை இருக்கும். நான் சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுப்பேன், அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். போண்டாவும் காப்பியும் வரும். புகார்தான் வராது.

முதல் வருடம் வந்ததே இரண்டு. படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று ஒன்று. இன்னொன்று ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து. ஒரு தொடரில் மாமியார் மருமகளுக்கு விஷம் வைப்பதாக மூன்று வாரமாக இழுக்கிறார்கள், வைப்பதென்றால் சீக்கிரம் வைத்துத் தொலைக்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார் ஒரு பெரியவர். இரண்டையும் பதிவு செய்துவிட்டுக் கலைந்தோம். எனக்கு ஆத்திரமாக வரும். கையில் அதிகாரம் இருக்கிறது, உள்ளூர் சேனலை வழிக்குக் கொண்டுவரலாம், நிகழ்ச்சியை நிறுத்தலாம், திரையில் மன்னிப்பு ஓட வைக்கலாம், மீறினால் உரிமத்தையே ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம். இத்தனையும் வைத்துக்கொண்டு போண்டா தின்றுகொண்டிருந்தோம்.

2010 ஆகஸ்டில் உண்மையான புகார் ஒன்று வந்தது. கிள்ளையிலிருந்து ஆரோக்கியம்மாள் என்பவர் கோடு போட்ட தாளில் எழுதியிருந்தார். சத்துணவுக் கூடத்தில் ஆயாவாக வேலை பார்ப்பவர். அலையாத்தி டிவி என்ற உள்ளூர் சேனலில் ‘கண்ணில் பட்டது’ என்றொரு நிகழ்ச்சி வருகிறது, அதில் என் மகள் இசைவாணியைக் காட்டிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போடுகிறார்கள், தயவு செய்து நிறுத்த வேண்டும் என்று இருந்தது. கடைசியில் வேறு மையில் ஒரு வரி: ‘என் கணவர் சனிக்கிழமை கேரளாவில் இருந்து வருகிறார். அதற்குள் நிறுத்த வேண்டும்.’

அந்த வாரம் புதன்கிழமையே கூட்டத்தைக் கூட்டச் சொல்லி நான்தான் விடாமல் போன் செய்தேன். அதில் மட்டும் எனக்குக் குறையில்லை.

ஆரோக்கியம்மாள் அன்று கடலூருக்கு வந்திருந்தார். வற்றிய உடம்பு, இஸ்திரி போட்ட நூல் புடவை. கடைசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அலையாத்தி டிவியின் முதலாளி கொளஞ்சியப்பன் எதிர்வரிசையில். நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் இரண்டு செல்போன். நிகழ்ச்சியின் சிடியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பார்க்காமல் எப்படி முடிவு செய்வது என்று தலைவர் சொல்ல, விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள்.

சுதந்திர தினத்தன்று பிச்சாவரத்தில் எடுத்தது. பேய்ப்படத்துக்குப் போடுவது போல ஒரு இசை. சதுப்புக் காட்டுக்குள் போகும் படகுகளில் யார் யார் ஜோடியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கரையிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறது கேமரா. மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண், பக்கத்தில் ஒரு பையன். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்கிறாள். ‘படிக்க அனுப்பினால் படகில் போகிறார்கள், பெற்றோரே உஷார்’ என்று ஒரு குரல். பதினோரு நொடி. அதற்குள் வேறு ஜோடி வந்துவிட்டது. ஆரோக்கியம்மாள் சுவரைப் பார்க்கவேயில்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பையன் கூடப் படிக்கிற புள்ளம்மா. டீச்சர் ட்ரெய்னிங்ல அஞ்சு பேரு சேர்ந்து போனாங்க. மூணு பேரு பின்னாடி போட்ல வந்தாங்க. அத அவுங்க காட்டல” என்றார் என்னிடம்.

“வீட்ல யாருக்குத் தெரியும்?”

“எனக்குத்தான். அந்த மஞ்ச சுடிதார நான்தான தச்சு வாங்கினேன். ஊர்ல யாரும் கண்டுபிடிக்கல. எங்க வூட்டுக்காரரு போட்டுல வேலைக்குப் போயி ஆறு மாசமாச்சு, வேளாங்கண்ணி திருவிழாவுக்கு வர்றாரு. ஞாயித்துக்கிழமை பூரா டிவி முன்னாடிதான் உக்காந்திருப்பாரு. பாத்தாருன்னா படிப்ப நிறுத்திட்டு அவங்க அக்கா புள்ளைக்குக் கட்டிவச்சிடுவாரு. ஏற்கெனவே கேட்டுக்கிட்டு இருக்காங்க. இன்னும் ஒரு வருசம்மா, பாஸ் பண்ணிட்டான்னா புள்ள பொழச்சிக்கும்.”

கொளஞ்சியப்பன் எழுந்து நின்றார். சண்டை போடுவார் என்று பார்த்தால், கையைக் கூப்பினார். “தப்புதான் சார். நம்ம பையன் ஒருத்தன் ஆர்வக்கோளாறுல எடுத்துட்டான். பேரு போடல, ஊரு போடல. இருந்தாலும் அந்தத் துண்ட வெட்டிடறேன். ஞாயித்துக்கிழமை வராது. இத்தோட வுட்டுடுங்க.”

“அது போதும் சார்” என்று ஆரோக்கியம்மாள் உடனே சொன்னார். முகத்தில் அப்போதுதான் களை வந்தது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செந்தமிழ்செல்வன் ‘சமரசம்’ என்று எழுதிக்கொண்டே போனார். அங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

“அதெப்படிப் போதும்?” என்றேன் நான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணின் மானத்தை வாங்கிவிட்டு, வெட்டிடறேன், விட்டுடுங்க என்று இரண்டு வார்த்தையில் தப்பிப்பதா? இத்தனை வருடம் கடிதம் எழுதியது இதற்காகவா? சட்டத்தில் மன்னிப்பு ஓட்டச் சொல்ல இடமிருக்கிறது, மூன்று நாள் ஓட வேண்டும் என்றேன். தலைவருக்கு அவசரம், சரி என்றார். மற்ற உறுப்பினர்களும் தலையாட்டினார்கள்.

“மன்னிப்பெல்லாம் வாணாம்மா. நிறுத்துனா போதும்” என்றார் ஆரோக்கியம்மாள்.

“நீங்க பயப்படாதீங்க. உங்களை மாதிரி ஆளுங்க பயந்து பயந்துதான் இவங்களுக்குத் துளிர் விட்டுப் போச்சு.”

அவர் மறுபடி செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பார். அப்படித்தானே பழக்கி வைத்திருக்கிறோம்.

கொளஞ்சியப்பன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: ‘சென்ற வாரம் ஒளிபரப்பான நிகழ்ச்சியில் சில காட்சிகள் எவர் மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறோம்.’ நான் அதை வாங்கிக் குறுக்கே ஒரு கோடு போட்டேன். யாரிடம், எதற்கு என்று இல்லாத மன்னிப்பு ஒரு மன்னிப்பா? கடனே என்று கும்பிடு போடுவது மாதிரி. “நானே எழுதித் தர்றேன்” என்றேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெயர்களைப் புகார்த் தாளிலிருந்து எடுத்துக்கொண்டேன், வார்த்தை தானாக வந்து விழுந்தது.

‘கிள்ளை திரு. அந்தோணிசாமி அவர்களின் அருமை மகள், ஆசிரியர் பயிற்சி மாணவி செல்வி இசைவாணி, பிச்சாவரத்தில் இளைஞர் ஒருவருடன் படகில் சென்றதைத் தவறாகச் சித்திரித்தோம். அவர் களங்கமற்றவர். அவரிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் தலைதாழ்ந்து மன்னிப்புக் கேட்கிறோம்.’

வாய்விட்டுப் படித்தேன். தலைவர்கூட, “நல்லா இருக்கு மேடம்” என்றார். செந்தமிழ்செல்வன் மட்டும் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். “மேடம், பேரு வேணுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“பேர் இல்லாம எழுதினா படகுல போன எல்லாப் பொண்ணுங்க மேலயும் சந்தேகம் வரும். அநியாயம் யாருக்கு நடந்துச்சோ அவங்க பேரைச் சொல்லித்தான் கேக்கணும்.”

“எங்க வூட்டுக்காரரு பேரு…” என்று ஆரோக்கியம்மாள் ஆரம்பித்தார்.

“அப்பா பேர் இருந்தாத்தாம்மா மரியாதை” என்றேன்.

அரை மணிக்கு ஒருமுறை ஓட்டுவதாகக் கொளஞ்சியப்பன் சொன்னதை நான் கால் மணிக்கு ஒருமுறை என்று ஆக்கினேன். வெள்ளி, சனி, ஞாயிறு. ஒரு தடவை விட்டாலும் உரிமம் போய்விடும் என்று எச்சரிக்கையும் செய்தேன். பஸ்ஸில் திரும்பும்போது ஆலப்பாக்கம் வரைக்கும் அந்த வாசகத்தையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆரோக்கியம்மாளும் அதே பஸ்ஸில்தான் வந்தார். பின்னால் எங்கோ நின்றுகொண்டிருந்திருப்பார், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் டிவியைப் போட்டேன். பழைய படப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திரையின் அடியில் சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக என் வாசகம் வலமிருந்து இடமாக ஊர்ந்து போயிற்று. ஒரு எழுத்துப்பிழை இல்லை. சக ஆசிரியைகள் இரண்டு பேருக்குப் போன் செய்து பார்க்கச் சொன்னேன். சமையலுக்கு நடுவே வந்து வந்து பார்த்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

பதினோரு நொடி, பெயரில்லாமல் வந்து போன ஒரு முகம். நான் அதற்குப் பெயர் வைத்தேன், தகப்பன் பெயரும் ஊரும் சேர்த்தேன், கால் மணிக்கு ஒருமுறை என்று மூன்று நாள் ஓட்டினேன். இந்தக் கணக்கு எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. தமிழ் படித்த புத்தி அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டுப் போன் அடித்தது. ஒரு ரூபாய்க் காசுப் பெட்டியிலிருந்து பேசினார் ஆரோக்கியம்மாள். மூச்சு வாங்கியது.

“அம்மா, அத நிறுத்தச் சொல்லுங்கம்மா.”

“எதை? அந்தக் காட்சி திரும்ப வந்துச்சா?”

“அது வர்ல. மன்னிப்பும்மா. அந்த மன்னிப்ப நிறுத்தச் சொல்லுங்க. நேத்துலேர்ந்து ஊரே வூட்டு வாசல்ல நிக்குது. யாரு அந்தப் பையன், எத்தினி நாளா போவுதுன்னு கேக்கறாங்க. ஒருத்தருக்கும் தெரியாம இருந்துச்சும்மா. அவரு மத்தியானம் ட்ரெய்ன்ல சிதம்பரம் வந்து எறங்குறாரு. அதுக்குள்ள…”

காசு தீர்ந்து லைன் அறுந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். டிவியில் அப்போதும் போய்க்கொண்டிருந்தது. ‘அருமை மகள்’ என்ற இடத்தில் அதை அணைத்தேன்.

செந்தமிழ்செல்வனைக் கூப்பிட்டேன். “சனி ஞாயிறு ஆபீஸ் லீவு மேடம். தலைவர் சென்னை போயிருக்காரு, போன் எடுக்க மாட்டேங்கறாரு. குழு கூடித்தான் மாத்த முடியும்” என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலாம்.

ஆட்டோ பிடித்துக் கொளஞ்சியப்பனின் அலுவலகத்துக்குப் போனேன். மாடியில் ஒரு சின்ன அறை, ஏழெட்டு டிவி, வயர்கள். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

“எனக்கு அன்னிக்கே தெரியும் மேடம். நான் ஊர்ல பொறந்து வளந்தவன். சொன்னா நீங்க எங்க கேக்குறீங்க?” என்றார். “நிறுத்துறதுக்கு எனக்கு ஒரு நிமிசம் ஆவாது. ஆனா ஒரு தடவ வுட்டாலும் லைசென்ஸ் போயிடும்னு நீங்கதான சொன்னீங்க. நாப்பது பேரு இத நம்பிப் பொழைக்கிறாங்க.” மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். “நான் சொல்லித்தான் நிறுத்துனாங்கன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நீங்க படி எறங்குறதுக்குள்ள எடுத்துடறேன்.”

பேனாவை எடுத்தேன்.

அடுத்த மாதம் கல்லூரி முதல்வர் பதவிக்கான பட்டியல் வெளியாக இருந்தது. என் பெயர் மூன்றாவது. குழு போட்ட ஆணையைத் தனி ஆளாக மாற்றினேன் என்று ஒரு மெமோ வந்தால் என்னவாகும் என்று நினைத்தேன். ஒருவேளை அந்த மனிதர் டிவியே பார்க்காமல் இருக்கலாம் என்றும் நினைத்தேன். பார்த்தாலும் களங்கமற்றவர் என்றுதானே போட்டிருக்கிறது, படித்துப் புரிந்துகொள்ள மாட்டாரா என்றும் நினைத்தேன். மனிதனுக்குச் சாக்கா கிடைக்காது? ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்து கையைப் பிடித்துக்கொண்டன.

“திங்கட்கிழமை முறைப்படி பண்ணிக்கலாம்” என்று சொல்லிப் பேனாவை மூடினேன்.

கொளஞ்சியப்பன் தாளை எடுத்து இழுப்பறையில் போட்டார். ஊரைக் கெடுக்கிறவன் என்று நான் எழுதிக் கிழித்த ஆசாமி அவர். அன்று அந்த அறையில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை நிறுத்துவதற்கு எதுவும் இருக்கவில்லை. மூன்று நாள் முடிந்துவிட்டது.

அந்தோணிசாமி வீடு வரைக்கும் போகவே வேண்டியிருக்கவில்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கிள்ளை பஸ்ஸுக்காக நின்றபோது டீக்கடை டிவியில் தன் பெயரைப் படித்திருக்கிறார். டீ வாங்கிக்கொடுத்த ஊர்க்காரன் ஒருவன், இது நம்ம இசைவாணிதானே என்று கேட்டிருக்கிறான். மகளுக்கென்று வாங்கிவந்த கைக்கடிகாரத்தை அங்கேயே வீசிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். இதெல்லாம் பிறகு செந்தமிழ்செல்வன் விசாரித்துச் சொன்னது. திருவிழாக் கொடி இறங்கிய பத்தாம் நாள் கல்யாணம். மாப்பிள்ளை சேத்தியாத்தோப்புப் பக்கம் டிராக்டர் ஓட்டுகிற அத்தை மகன், அவளைவிடப் பதினான்கு வயது பெரியவன்.

நவம்பர் கூட்டத்தில் எங்கள் பதிவேட்டில் எழுதினார்கள்: ‘ஆணை முழுமையாக நிறைவேற்றப்பட்டது. புகார்தாரருக்கு நிவாரணம் வழங்கப்பட்டது.’ அதில் திருத்த எனக்கு ஒரு பிழையும் அகப்படவில்லை. கையெழுத்துப் போட்டேன். போண்டா ஆறிப்போயிருந்தது என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். முதல்வர் பட்டியலில் என் பெயர் வரவில்லை, மூப்பில் வேறு யாரோ இருந்தார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

பிப்ரவரி வாக்கில் ஒரு மதியம், ஆசிரியர் அறை வாசலில் ஒரு பெண் நின்றாள். சிவப்புப் புடவை, கழுத்தில் புது மஞ்சள் கயிறு, அதில் சிலுவை போட்ட தாலி. யாரென்று கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு நொடிதான் பார்த்திருந்தேன்.

“நான் இசைவாணி மேடம். கிள்ளை.”

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். எங்கள் குழுவின் ஆணை.

“கடலூர்ல செந்தமிழ்செல்வன் சார்தான் குடுத்தாரு. இதுல கமிட்டி மெம்பர் ஒருத்தரு உண்மை நகல்னு கையெழுத்து போட்டுத் தரணுமாம். எங்க மாமியா கேட்டாங்க. அவங்க பக்கத்துச் சொந்தக்காரங்க யாராவது கேட்டா காட்டறதுக்கு.”

“எதைக் காட்டறதுக்கு?”

“களங்கமற்றவர்னு போட்டிருக்கில்ல மேடம். அத.”

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வந்தவள் மாதிரி நின்றாள். நான் தாளைப் பார்த்தேன். என் வாசகம் நடுவில் தனியாகத் தட்டச்சாகியிருந்தது.

“நல்லா எழுதியிருக்கீங்க மேடம். எங்க ஊர்ல சின்னப் பசங்களுக்கெல்லாம் மனப்பாடம். நான் தெருவுல போனா ஒருத்தன் ஆரம்பிப்பான், மீதிப் பேரு முடிப்பாங்க. ட்ரெய்னிங்ல எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க, ஒரே பாட்ட தெனம் கேட்டா புள்ளைங்க மனசுல நிக்கும்னு. சரியாத்தான் இருக்கு.”

“படிப்பு?”

“அது போச்சு மேடம்.”

கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன். தாளை அவளிடம் கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். இத்தனை மாதம் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அப்போது என்னையும் மீறி வந்துவிட்டது. வகுப்பில் பேசிப் பேசிப் பழகிய தொண்டை, எனக்கு எப்போதும் குரல் பெரிது.

“இசைவாணி, நான்தாம்மா இதுக்கெல்லாம் காரணம். என்னை மன்னிச்சிடும்மா.”

அறையில் இருந்த இரண்டு ஆசிரியைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சட்டென்று முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் கையிலிருந்து தாளை உருவினாள்.

“மெதுவா மேடம்” என்றாள். “யார் காதுலயாவது வுழப்போவுது.”